மூளிப் பல்

அண்ணன் வீட்டுக் கூடத்து சோபாவில் பாப்பாவுக்கு இது இருபத்திரண்டாவது காலை. எழுந்ததும் போர்வையை மடித்து, தலையணையையும் சேர்த்து அலமாரிக்குப் பின்னால் செருகிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சின்னக் கூடத்தில் கால் வைக்க இடம் இருக்காது.

முப்பத்தைந்து வயதாகிறது. பல் செட் செய்யும் லேபில் பன்னிரண்டு வருஷ அனுபவம். இருந்தாலும் இந்த வீட்டில் அவள் பெயர் பாப்பாதான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரே ஒரு பையோடு வந்து நின்றாளே, அன்று முதல் அண்ணியும் கேட்டுப் பார்த்துவிட்டாள். அடித்தாரா? இல்லை. குடிக்கிறாரா? இல்லை. வேறு யாராவது? அதற்கெல்லாம் அவருக்கு நேரம் ஏது அண்ணி என்று பாப்பாவே சிரித்துவிட்டாள். பின்னே என்னதான் என்றால், "ஒண்ணும் இல்லை" என்பதற்கு மேல் வாயைத் திறப்பதில்லை. அவள் சொன்னதும் பொய்யில்லை. ஒன்றும் இல்லாத வீட்டில் ஒன்பது வருஷம் இருந்து அலுத்துப் போயிருந்தாள்.

கிளம்பிய அன்றும் அப்படித்தான். "நான் அண்ணன் வீட்டுக்குப் போறேன்" என்றாள். கணவன் டிவியிலிருந்து தலையைத் திருப்பாமலே, "சரி. மச்சான்கிட்ட என் பழைய சிடி ரெண்டு இருக்கு, மறக்காம வாங்கிட்டு வா" என்றான். இரண்டு நாள் கழித்துத்தான் அவனுக்கு விஷயம் உறைத்தது. உறைத்த பிறகும் அவளுக்கு போன் செய்யவில்லை. அண்ணனுக்குச் செய்தான். தினமும் செய்தான். சினிமா பேசினான்.

இதோ, இன்று காலையிலும் அந்தக் கச்சேரி தொடங்கிவிட்டது.

"அதெப்படி மாப்பிள்ளை!" அண்ணன் ஒரு கையில் பல் துலக்கும் பிரஷ்ஷும் மறு கையில் போனுமாக நடந்துகொண்டிருந்தான். பேருந்துப் பணிமனையில் வண்டி கிளம்பும் நேரத்தைக் குறிப்பது அவன் வேலை. ஊரார் தாமதத்தையெல்லாம் எழுதி வைப்பவன், தான் மட்டும் தினமும் தாமதமாகத்தான் போவான். "'ஆகாயத்தில் அரை மணி'யில விமானம் தரையை விட்டே எழும்பாது. படம் முழுக்க பைலட் சாவியைத் தேடிக்கிட்டே இருப்பான். இதைவிட அசட்டுப் படம் ஒண்ணு உண்டா? 'முன்பல் மன்னன்' எல்லாம் இதுக்குப் பக்கத்துல நிக்க முடியுமா?"

ஸ்பிரிங்கு என்று ஒரு நகைச்சுவை நடிகர். நடக்கும்போது இரண்டு பாதமும் தரையில் சேர்ந்து படாது, அதனால் அந்தப் பெயர். நாற்பத்தோரு படம். கதை என்று சொல்லும்படி ஒன்றிலும் கிடையாது. அந்த நாற்பத்தொன்றையும் கரைத்துக் குடித்தவர்கள் ஏழு பேர் சேர்ந்து 'ஸ்பிரிங்கு ரசிகர் வட்டம்' என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, ஆளுக்கொரு வீடாகக் கூடுவார்கள். மச்சானும் மாப்பிள்ளையும் அதில் தூண்கள்.

"பாப்பாவைப் பத்திக் கேளுங்க" என்று அண்ணி அடுப்படியிலிருந்து ஜாடை காட்டினாள். அண்ணன் தலையாட்டினான். தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"அப்புறம் மாப்பிள்ளை... வீட்டுல எல்லாரும் சௌக்கியம்தானே?"

வீட்டில் இருந்ததே இரண்டு பேர். அதில் ஒருத்தி இங்கே தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள்.

போனை வைத்துவிட்டு அண்ணன் சொன்னான், "இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு மாப்பிள்ளை வரார்."

பாப்பா நிமிர்ந்து பார்த்தாள்.

"வட்டம் இந்த மாசம் நம்ம வீட்டுல. எது ரொம்ப அசட்டுப் படம்னு இன்னிக்கு ஓட்டெடுத்து முடிவு பண்றோம்."

"அவரு இவளைக் கூட்டிட்டுப் போக வராரா, படம் பேச வராரா?" அண்ணி கேட்டாள்.

"எதுக்கு வந்தா என்ன? வரார் இல்ல? அதுவே நல்ல சகுனம்தானே" என்று அண்ணன் குளியலறைக்குள் தப்பி ஓடினான்.

பாப்பா தலையணையை அலமாரிக்குப் பின்னால் செருகினாள். அவள் மனதில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. லேப் முதலாளி வேறொரு நகரத்தில் கிளை திறக்கிறார். பஸ்ஸில் ஆறு மணி நேரம். அதை நடத்த அவளைத்தான் கேட்டிருந்தார். நாலு மாதம் முன்பு முதலில் கேட்டபோது மாட்டேன் என்றுவிட்டாள். வேறொருவரைப் பிடித்தார், அவர் சரிப்படவில்லை. திரும்ப இவளிடமே வந்தார். இன்று மாலை ஆறரைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

லேபுக்குப் போகும் பேருந்தில் நின்றுகொண்டே பாப்பா தனக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டாள். இன்று அவன் தன்னைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். 'சாப்பிட்டியா' கணக்கில் வராது. நிஜமான கேள்வி ஒன்று. கேட்டால் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவனோடு வீட்டுக்குப் போய்விடலாம். நினைத்தபோதே வெட்கமாக இருந்தது. இவ்வளவு மலிவாகவா போய்விட்டோம்? ஆனால் அந்த ஒன்றையாவது அவன் கேட்கட்டும் என்று ஆசையாகவும் இருந்தது.

*

லேபில் சனிக்கிழமை அரை நாள்தான். ஆனால் மூன்று நாள் வேலை அன்றுதான் வந்து விழும்.

கீழ் வரிசைக்கு மெழுகில் பல் அடுக்கிக்கொண்டிருந்தாள். நீலத் தீயில் கத்தியைக் காட்டி, மெழுகை இளக்கி, ஒவ்வொரு பல்லாக நிறுத்தி, மேல் வரிசையோடு கடித்துப் பார்க்க வேண்டும். ஒன்று அரை மயிரிழை உயர்ந்தாலும் போட்டுக்கொள்பவர் வாய் வலிக்கும். யாரென்றே தெரியாத ஒருவர் நிம்மதியாக மெல்ல வேண்டும் என்பதற்காக இவள் இங்கே கழுத்து வலியோடு குனிந்திருக்கிறாள். மெல்லும்போது யாரும் இவளை நினைக்கப் போவதில்லை. அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை. கைக்கு அது பிடித்த வேலை.

"பதில் என்னம்மா?" முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்.

"சாயங்காலம் சொல்றேன் சார்."

"போன தடவையும் வீட்டுல கேட்டுச் சொல்றேன்னுதான் சொன்னே. கேட்டியா?"

கத்தியைத் தீயில் அதிக நேரம் காட்டிவிட்டாள். மெழுகு புகைந்தது.

"கேக்கப் போனேன் சார்."

அவர் மேலே தோண்டவில்லை. நல்ல மனிதர். "அப்ப ஒண்ணு பண்ணு. அந்தப் பின் அறையில பழைய மாடலெல்லாம் குவிஞ்சு கிடக்கு. திங்கக்கிழமை தூக்கிப் போடப் போறேன். வேண்டியது ஏதாவது இருந்தா எடுத்துக்கோ."

யார் யாருடையதோ வாய்கள், வெள்ளை பிளாஸ்டரில், தூசி படிந்து அட்டைப் பெட்டிகளில் கிடந்தன. மூன்றாவது அடுக்கில் அந்தப் பெட்டி இருந்தது. மேலே அவளுடைய கையெழுத்து. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இவ்வளவு அழகாக எழுதினோமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

திறந்து பார்த்தாள். உள்ளே இரண்டு மாடல்களும் மடித்த வேலைச் சீட்டு ஒன்றும் இருந்தன. அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இதைப் பற்றி அவள் கணவனிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறாள்.

முதல் தடவை, கல்யாணமான முதல் மாதம். 'முன்பல் மன்னன்' மறுபடி திரையிட்டிருந்தார்கள், பார்த்துவிட்டு நடந்து வந்தார்கள். "ம்ம்" என்றான். உடனே, "அந்தப் படிக்கட்டு சீன்ல பாத்தியா..." என்று அவன் கதைக்குப் போய்விட்டான். இரண்டாம் தடவை அவன் போனில் அந்தப் படத்தில் வரும் பல்லைப் பற்றி யாருடனோ வாதாடிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் போய் நின்று சொன்னாள். கையைக் காட்டி அவளை நகரச் சொன்னான்.

மூன்றாம் தடவை, முதலாளி முதலில் கேட்ட அன்று. பெரிய விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பல் கதையில் தொடங்கினால் திரும்பிப் பார்ப்பான், திரும்பியதும் வேலையைப் பற்றிக் கேட்டுவிடலாம் என்று நினைத்தாள். "இரு, இந்த சீன் முடியட்டும்" என்றான். சீன் முடிந்தது. அடுத்த சீன் வந்தது. அவள் போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாள் முதலாளியிடம் மாட்டேன் என்றாள்.

அவன் கெட்டவன் இல்லை, அதுதான் கஷ்டமே. லிஃப்ட் மெக்கானிக். பகல் முழுக்க இருட்டுக் குழியில் கயிற்றுக்கும் கிரீஸுக்கும் நடுவில் நிற்பான். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் கதவைத் தட்டிக் கத்தும் கத்தலெல்லாம் இவன் காதில்தான் விழும். வீட்டுக்கு வந்தால் யாரும் கத்தாத இடம் ஒன்று அவனுக்கு வேண்டும். அதை ஸ்பிரிங்கு கொடுத்தார். பாப்பாவுக்குப் புரியாமல் இல்லை. புரிந்துகொண்டு புரிந்துகொண்டே களைத்துப் போனாள்.

பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டாள்.

*

அஞ்சரை மணிக்கு அவள் உள்ளே நுழைந்தபோது, அவளுடைய படுக்கையின் மேல் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

நடுவில் தலைவர். முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர், பேச்சில் கத்தரிக்கோலைவிடக் கூர்மை. அந்தப் பக்கம் மருந்துக்கடைக்காரர். இந்தப் பக்கம், கணவன். வேலைச் சட்டையை மாற்றி இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான். காலரில் ஒரு பக்கம் மடிப்பு சரியாக விழவில்லை. தானே போட்டிருப்பான்.

"வந்துட்டியா" என்றான். ஒன்பது வருஷமாக அவள் வேலையிலிருந்து திரும்பும்போது சொல்வது போலவே சொன்னான். அவள் நடக்க வழிவிட்டுக் காலை மடக்கிக்கொண்டான். அவ்வளவுதான்.

அது கேள்வி இல்லை என்று பாப்பா மனதில் குறித்துக்கொண்டாள்.

"தலைவரே, 'தூங்கும் துப்பறிவாளன்'ல பிணமா நடிச்சது ரெண்டு பேர்" என்றார் மருந்துக்கடைக்காரர். "முதல் ஆளுக்குத் தும்மல் நிக்கலை. மாத்திட்டாங்க. இடைவேளைக்கு முன்னால பிணத்துக்கு மீசை இருக்கும், அப்புறம் இருக்காது."

"அது எல்லாருக்கும் தெரியும். அந்தப் பிணம் தயாரிப்பாளரோட மச்சினன். அதைச் சொல்லு."

"மச்சினன்னா பிணமாத்தான் நடிக்கணும்னு இருக்கு" என்றான் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள்.

அண்ணி தேநீர்த் தட்டை பாப்பாவின் கையில் கொடுத்து, "நீயே கொண்டு போ" என்று தள்ளினாள். பாப்பா ஒவ்வொருவருக்காகக் கொடுத்துக்கொண்டே வந்தாள். கணவன் கோப்பையை வாங்கினான். வாய் திறந்தான்.

"சர்க்கரை கம்மிதானே?"

இதையும் கேள்விக் கணக்கில் சேர்க்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு தன் மேலேயே எரிச்சல் வந்தது.

பேச்சு 'முன்பல் மன்னன்' பக்கம் திரும்பியது. முன்பல் இரண்டும் உதட்டைத் தாண்டி நீண்ட ஒருவன், அந்தப் பல்லை வைத்தே ராஜாவாகிவிடும் கதை. அதில் இடப்பக்கப் பல்லின் முனை சற்று மூளியாக இருக்கும். அந்த மூளி எப்படி வந்தது என்பதில்தான் மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் பல வருஷச் சண்டை.

"படிக்கட்டுல உருளும்போது உடைஞ்சது" என்றான் கணவன். "நிஜமாவே உருண்டார் மச்சான். டூப் போடலை. உடைஞ்ச பல்லோடவே மீதியை நடிச்சார்."

"படிக்கட்டுக்கு முன்னாடி வர்ற பாட்டுலயே மூளி இருக்கே மாப்பிள்ளை?"

"பாட்டைப் பின்னாடி எடுத்திருப்பாங்க."

"அதெல்லாம் இல்லை. அந்த வேஷமே முதல்ல இவருக்கு இல்லை. அந்தக் குண்டு நடிகருக்கு. அவரு வாய்க்குச் செஞ்ச பல்லை இவரு வாயில திணிச்சாங்க, பொருந்தலை, உடைஞ்சது. அதான் படம் முழுக்க இவருக்குப் பேச்சு கொழகொழன்னு இருக்கு."

"ஆதாரம்?"

"நீங்க சொல்றதுக்கு ஆதாரம்?"

தலைவர் இரண்டு கையையும் தூக்கினார். "இது நம்ம காலத்துல தீராது."

பாப்பா தட்டைக் கீழே வைத்தாள். பையிலிருந்து பெட்டியை எடுத்து, தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவில் வைத்துத் திறந்தாள். 

"இது அந்தக் குண்டு நடிகரோட வாய்" என்றாள், முதல் மாடலை வைத்து. "வேஷம் முதல்ல அவருக்குத்தான். பல் செட் பாதி முடிஞ்சப்ப அவருக்கு உடம்பு சரியில்லாம போச்சு." இரண்டாவதை வைத்தாள். "இது ஸ்பிரிங்கு. காலையில அளவு எடுத்து அனுப்பினாங்க, மறுநாள் காலையில ஷூட்டிங். புதுசாத்தான் செஞ்சோம் அண்ணா, திணிக்கலை. பல்லு ரெண்டும் நான் தேய்ச்சது. சேர்ந்து மூணு மாசம்தான் ஆச்சு. அரம் வழுக்கி இடப்பக்கம் முனை போயிடுச்சு. அழுதேன். திரும்பச் செய்ய நேரம் இல்லைன்னு முதலாளி அப்படியே அனுப்பிட்டார். டைரக்டருக்கு அதுதான் பிடிச்சுதாம்."

வேலைச் சீட்டைப் பிரித்துத் தலைவரிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டி உரக்கப் படித்தார்: "'இடது முன்பல், முனை போச்சு. நேரம் இல்லை. அப்படியே அனுப்பியாச்சு.' கீழ கையெழுத்து." அவர் எழுந்தே நின்றுவிட்டார். "அம்மா! அந்தப் பல்லைச் செஞ்ச கை இதுவா!"

ஏழு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மருந்துக்கடைக்காரர் மாடலைக் கைக்குட்டையில் ஏந்திக்கொண்டார். கணவன் முகம் மலர்ந்திருந்தது. தோற்றுப் போன வருத்தம் துளியும் இல்லை. பெருமையாக எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அவளிடம் திரும்பினான்.

"இவ்வளவு பெரிய விஷயம்! இத்தனை வருஷமா நீ ஏன் சொல்லவே இல்லை?"

பாப்பாவுக்குக் கோபம் வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே.

"சொன்னேன்."

"எப்ப?"

"மூணு தடவை. கல்யாணமான புதுசுல, தியேட்டர்லேருந்து நடந்து வரும்போது. நீங்க போன்ல பேசிக்கிட்டு இருந்தப்ப ஒரு தடவை. நாலு மாசம் முன்னாடி ஒரு தடவை. இரு, சீன் முடியட்டும்னீங்க."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் கோப்பைக்குள் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அண்ணன் நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தான். "மாப்பிள்ளை மறந்திருப்பார். என்கிட்டயாவது நீ சொல்லியிருக்கலாமே பாப்பா?"

"உன்கிட்ட ரெண்டு தடவை அண்ணா."

அடுப்படி வாசலில் அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தாள்.

*

படியில் காற்று இல்லை. கீழ் வீட்டில் யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது. ஆறு இருபத்தைந்து.

பின்னால் கதவு திறந்தது. கணவன் வந்தான். பக்கத்தில் வராமல் இரண்டு படி மேலேயே நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். லிஃப்ட்டைச் சோதிப்பது போல அதை ஒரு முறை ஆட்டிப் பார்த்தான்.

"அந்த மூணாவது தடவை..." என்றான். நிறுத்தினான். "எனக்கு ஞாபகம் இருக்கு. நீ பைகூட வைக்காம வந்து நின்னே. பல்லு, லேப்னு என்னமோ சொன்னே. அதோட முடியலை. வேற என்னமோ சொல்ல வந்தே. உன் முகத்துல இருந்துச்சு. எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் நான் இருன்னேன்."

அவள் திரும்பவில்லை.

"என்ன அது? என்ன சொல்ல வந்தே?"

இதோ, கேட்டுவிட்டான். காலையில் பேருந்தில் வேண்டிக்கொண்ட அதே கேள்வி.  பாப்பாவின் கையில் இருந்த போன் அதே நேரத்தில் அதிர்ந்தது. முதலாளி.

ஒப்பந்தப்படி அவள் இப்போது மாட்டேன் என்று சொல்ல வேண்டும். ஒன்பது வருஷத்துக்கு ஒரு கேள்வி. அதற்கு நன்றியாக இரண்டாவது தடவையும் ஒரு வேலையை விட்டுக்கொடுப்பதை நினைத்தால் அவளுக்கு அலுப்பாக இருந்தது. அந்த ஒப்பந்தம் தப்பு என்று அந்த அலுப்பில்தான் தெரிந்தது.

"இருங்க" என்றாள் அவனிடம், விரலைத் தூக்கி. போனைக் காதில் வைத்தாள்.

"சொல்லுங்க சார்... ஆமா சார், யோசிச்சுட்டேன். நான் வரேன். ஆமா, கிளையை நானே பாத்துக்கறேன். புதன்கிழமை கிளம்பறேன்... இல்லை சார், வீட்டுல கேக்கலை. இப்பத்தான் சொல்லப் போறேன்."

வைத்துவிட்டுத் திரும்பினாள். அவன் முகம் வெளுத்திருந்தது. போய்விடவில்லை. அதே படியில் நின்றுகொண்டிருந்தான்.

"எங்க போறே?"

இரண்டாவது கேள்வி. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

உள்ளேயிருந்து அண்ணன் குரல் கொடுத்தான். "மாப்பிள்ளை! மூணு மூணா சமமா நிக்குது. உங்க ஓட்டு ஒண்ணுதான் பாக்கி! சீக்கிரம் வாங்க!"

"இருங்க மச்சான்" என்றான் கணவன், திரும்பிப் பார்க்காமலே. பிறகு இரண்டு படி இறங்கி வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

எங்கிருந்து தொடங்குவது என்று பாப்பாவுக்குத்தான் தெரியவில்லை.